லேசர் புள்ளி காட்டுவது குழலின் திசையை. குண்டு விழும் இடத்தை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் விளையாட்டில் புதிதாகச் சேர்பவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இப்பொருள் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அம்முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால், புதிதாகப் பொருத்திய ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) லேசர் போர் சைட்டர் என்ற கருவி கொண்டு நேர்செய்வது பற்றிய பத்தியில், லேசர் புள்ளியின்மேல் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகள் வந்து நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்றும், அதன்பின் சரிபார்ப்பதற்கென்று ஒரு தோட்டாகூடச் செலவழிக்க வேண்டியதில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாகச் சுடுதளத்தில் என்னுடைய ரைபிளுக்கும் பிறருடைய ரைபிள்களுக்கும் ஸ்கோப் பொருத்திவருபவன் என்ற முறையில், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். இதை நம்பி ஒருவர் நேரே 100 மீட்டர் தளத்துக்குப் போனால், முதல் குண்டு இலக்கு அட்டையிலேயே படாமல் போகக்கூடும். ஏன் படவில்லை என்பதும் அவருக்கு விளங்காது.

லேசர் போர் சைட்டர் செய்வது ஒரே ஒரு வேலைதான். குழல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை அது ஒளியால் காட்டுகிறது. தோட்டா வடிவில் செய்யப்பட்டு சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள்) வைக்கப்படுவது ஒரு வகை. அது அந்தந்தக் காலிபருக்கென்றே (தோட்டா, குழல்துளை அளவுக்கென்றே) அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கும். குழல்வாயில் செருகும் தண்டோடு வருவது இன்னொரு வகை. காலிபருக்கேற்ப அதன் உறைகளை மாற்றிக்கொள்ளலாம். காந்தத்தால் குழல்வாயின் முகப்பில் ஒட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. எந்த வகையானாலும் அதிலிருந்து புறப்படும் ஒளி நேர்கோட்டில் செல்கிறது. குண்டோ குழல்வாயை விட்ட கணத்திலேயே கீழே விழத் தொடங்கிவிடுகிறது. போதாததற்கு, நாம் குறி பார்க்கும் கண் குழலின் வழியாகப் பார்ப்பதில்லை. குழலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தப்பட்ட ஸ்கோப்பின் வழியாகப் பார்க்கிறது. ஆக, குழலின் கோடு, கண்ணின் கோடு, குண்டின் பாதை என மூன்று இருக்கின்றன. லேசர் இவற்றில் முதலாவதை மட்டுமே அறியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றலாம் என்பதால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு மேலே 4 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், குண்டு விநாடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். வேட்டை ரைபிள்களிலும் பெரிய காலிபர் போட்டி ரைபிள்களிலும் இது வழக்கமான வேகமே. 100 மீட்டரைக் கடப்பதற்குள் அந்தக் குண்டு, குழலின் கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 செ.மீ. கீழே இறங்கிவிடும். இப்போது கட்டுரை சொன்னபடி 25 மீட்டரில் அட்டையை வைத்து, புள்ளியையும் குறுக்குக் கோட்டையும் அச்சாகப் பொருத்திவிட்டோம் என்றால், 25 மீட்டருக்குள் 4 செ.மீ. ஏறிய குழலின் கோடு அதே சாய்வில் தொடர்ந்து ஏறி, 100 மீட்டரில் கண்ணின் கோட்டுக்கு மேலே 12 செ.மீ. உயரத்தில் நிற்கும், குண்டு 8 செ.மீ. இறங்கியது போக, குறிக்கு 4 செ.மீ. மேலே படும். அதே பொருத்தத்தை 50 மீட்டரில் செய்தால் குண்டு குறிக்கு 4 செ.மீ. கீழே படும். இடவசதி இல்லை என்று வீட்டுக்குள் 10 மீட்டர் தூரத்துச் சுவரில் செய்துவிட்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய குண்டு 100 மீட்டரில் குறிக்கு 28 செ.மீ. மேலே போகும். அதாவது 30 செ.மீ. உயரமுள்ள அட்டையை முற்றாகத் தாண்டிவிடும். லேசரில் குறை இல்லை, ஸ்கோப்பில் குறை இல்லை, கையிலும் குறை இல்லை. எந்தத் தூரத்தில் எதை எதனோடு பொருத்துகிறோம் என்று யோசிக்காததன் பலன் அது.

அப்படியானால் 100 மீட்டருக்கு ஜீரோ செய்ய (அத்தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைக்க) விரும்புபவர், 25 மீட்டர் அட்டையில் லேசர் புள்ளியை எங்கே நிறுத்த வேண்டும்? மேற்சொன்ன ரைபிளுக்குக் குறுக்குக் கோட்டின் மையத்துக்கு 1 செ.மீ. கீழே நிறுத்த வேண்டும். 10 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் ஏறத்தாழ 3 செ.மீ. கீழே. சிறு தோட்டாவைச் சுடும், வேகம் குறைந்த .22 ரிம்ஃபயர் ரைபிளானால் கணக்கு தலைகீழாகிறது. அதன் குண்டு விநாடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் செல்வதால் 50 மீட்டருக்குள்ளேயே ஏறத்தாழ 12 செ.மீ. இறங்கிவிடுகிறது; எனவே 50 மீட்டர் ஜீரோவுக்கு, 25 மீட்டர் அட்டையில் புள்ளி குறுக்குக் கோட்டுக்கு 4 செ.மீ. மேலே நிற்க வேண்டும். இரண்டு ரைபிள், ஒரே லேசர், ஒரே தூரம். ஆனால் ஒன்றுக்குப் புள்ளி கீழே, மற்றதற்கு மேலே. "இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் போதும்" என்ற அறிவுரை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இதைக்கொண்டே வாசகர் தீர்மானிக்கலாம்.

இடையில் ஒரு சொல். குண்டு முதலில் மேலெழும்பிப் பிறகுதான் இறங்கும் என்று சுடுதளத் திண்ணைப் பேச்சில் அடிக்கடி கேட்கிறோம். குழலின் கோட்டுக்கு மேலே அது ஒருபோதும் போவதில்லை. கண்ணின் கோட்டை நோக்கிக் குழலையே சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறோம் என்பதால், குண்டு அந்தக் கோட்டைக் கீழிருந்து ஒருமுறை வெட்டி, பிறகு மேலிருந்து மீண்டும் ஒருமுறை வெட்டுகிறது. அவ்வளவே.

லேசரைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. கட்டுரை அவற்றைத் தொடவே இல்லை. பேஸும் (ரைபிள்மேல் திருகப்படும் அடித்தளம்) ரிங்குகளும் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள்) இறுகாத ஸ்கோப்பை லேசரால் நேர்செய்வது, ஆடுகிற நாற்காலியில் நின்றுகொண்டு சுவரில் ஆணி அடிப்பதற்குச் சமம். திருகுகளிலும் திருகுத் துளைகளிலும் இருக்கும் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட வேண்டும். ரிங்கின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கும்படி, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுக்கும் விசைக்கு முறுக்கு அளவி வைத்துக்கொள்வது நல்லது. ரிங் திருகுகளுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் அளவே சொல்லப்படுகிறது. கைப்பலத்தைக் காட்டினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் இடையில் 8 முதல் 10 செ.மீ. வரை இடைவெளி இல்லாவிட்டால், பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். அந்தப் பிறைவடிவத் தழும்பைப் புருவத்தில் சுமந்து திரிபவர்கள் எல்லாச் சுடுதளங்களிலும் இருக்கிறார்கள்.

குறுக்குக் கோடு சாயாமல் நிற்பதும் அதே அளவு முக்கியம். ரைபிளை மட்டமாக நிறுத்தி, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொலைவில் தொங்கவிட்டு, அதன் கயிற்றோடு செங்குத்துக் கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கோடு சாய்ந்திருந்தால், மேலே ஏற்றுவதற்காகத் திருகும்போதெல்லாம் குறி பக்கவாட்டிலும் நகரும். 25 மீட்டரில் லேசர் அதைக் காட்டிக்கொடுக்காது. 200, 300 மீட்டரில் அட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

இனி லேசரின் நம்பகத்தன்மைக்கு வருகிறேன். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் ரைபிளில் புதிய ஸ்கோப் ஒன்றைப் பொருத்தி, குழல்வாயில் செருகும் லேசரை வைத்து 25 மீட்டரில் வெகு அக்கறையோடு நேர்செய்தேன். திருப்தியோடு 100 மீட்டர் தளத்துக்குப் போய்ச் சுட்டதில் முதல் ஒன்பது குண்டுகளில் ஒன்றுகூட அட்டையில் இல்லை. ஸ்கோப்பைச் சந்தேகித்தேன், தோட்டாக்களைச் சந்தேகித்தேன், கடைசியில் என் கண்ணையே சந்தேகித்தேன். அருகில் இருந்த மூத்த சுடுநர் ஒருவர், "அட்டையைக் கிட்டே கொண்டுவந்து ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள்" என்றார். 25 மீட்டரில் துளை, குறிக்கு வலப்புறம் சரியாக 5 செ.மீ. தள்ளி விழுந்திருந்தது. ரைபிளை வெறுமையாக்கி லேசரை மீண்டும் குழல்வாயில் செருகி, அதை விரல்களால் மெல்லச் சுழற்றினேன். ஒரே இடத்தில் நிற்க வேண்டிய புள்ளி, அட்டையில் ஒரு சிறு தட்டு அளவுக்கு வட்டம் போட்டது. தண்டைக் கழற்றிப் பார்த்தால், உறையின் ஒரு பக்கத்தில் நகத்தால் தடவினால் மட்டுமே தெரிகிற பிசிறு ஒன்று ஒட்டியிருந்தது.

அந்தப் பிசிறின் கனம் 0.1 மி.மீ. இருந்திருந்தாலே போதும்; ஒரு தாளின் கனம் அது. 5 செ.மீ. நீளமுள்ள தண்டு அந்த அளவுக்குச் சாய்ந்தால், 25 மீட்டரில் 5 செ.மீ., 100 மீட்டரில் 20 செ.மீ. பிழை வரும். அன்றிலிருந்து எந்த லேசரையும் சுழற்றிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. குழல்வாயில் செருகுவதானால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களில் பென்சிலால் புள்ளி குறிக்கிறேன். சேம்பரில் வைப்பதானால் ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, கால் சுற்று திருப்பி மீண்டும் வைக்கிறேன். நான்கு புள்ளிகளும் ஓரிடத்தில் குவிந்தால் மகிழ்ச்சி. குவியாவிட்டாலும் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்நான்கின் நடுமையமே குழலின் உண்மையான திசை. அந்த மையத்தை வைத்துக் குறுக்குக் கோட்டை நேர்செய்தால், கோணலான லேசரும் ஒழுங்காக வேலை செய்யும். சில கருவிகளில் இக்கோணலைச் சரிசெய்யப் பொடித் திருகுகளும் இருக்கும். சேம்பர் வகையில் இன்னொரு தொல்லை: குழல் அழுக்காக இருந்தால் அல்லது ஒளி சற்றே சாய்ந்தால், உட்சுவரில் பட்டுத் தெறித்து, புள்ளியைச் சுற்றி வளையங்களும் வால்களும் தோன்றும். அவற்றுள் எது உண்மைப் புள்ளி என்று குழம்புவதைவிடக் குழலை முதலில் துடைத்துவிடுவது மேல்.

நேர்செய்யும் முறையில் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் டரெட் திருகுகளில்தான். திருகின் தலையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும்; அந்தப் பக்கம் திருகினால் குண்டு படும் இடம் மேலே நகரும் என்பது அதன் பொருள். ஆனால் ரைபிளை மணல்பையிலோ தாங்கியிலோ அசையாமல் கிடத்திவிட்டு ஸ்கோப்பின் வழியே பார்த்துக்கொண்டே அதைத் திருகினால், குறுக்குக் கோடு அட்டையில் கீழே இறங்கும். லேசர் புள்ளி கோட்டுக்கு மேலே தெரிகிறது என்று "மேல்" பக்கமே திருகிக்கொண்டு போனால், கோடு புள்ளியை விட்டு மேலும் மேலும் விலகும். அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் நெருங்கும். இடவலத்துக்கும் இதுவே விதி. திருகு பழுது என்று முடிவுகட்டி ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய ஒருவரை நானே தடுத்து உட்கார வைத்திருக்கிறேன். கால் நிமிடக் கோணத்துக்கு (நிமிடம் என்பது இங்கே ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கிளிக் என்ற வகை ஸ்கோப்பில், ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும், 25 மீட்டரில் 2 மி.மீட்டருக்கும் குறைவு. ஆகவே 25 மீட்டரில் 6 செ.மீ. விலகியிருக்கும் கோட்டைக் கொண்டுவர முப்பதுக்கும் மேற்பட்ட கிளிக்குகள் ஆகும், பதற வேண்டியதில்லை. திருகு அதன் எல்லையில் போய் முட்டிக்கொண்டும் கோடு புள்ளியை எட்டவில்லை என்றால் மட்டும் பதற வேண்டும். அப்போது குறை பேஸிலோ ரிங்கிலோ இருக்கிறது. மேலும் திருகினால் ஸ்கோப்தான் கெடும். இதைத் தவிர்க்க, தொடங்கும் முன்பே திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எண்ணிக்கொண்டே திருகி, பாதியில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சக்திவாய்ந்த காலிபர்களுக்கான பல ஸ்கோப்புகள் 100 கஜம் போன்ற தூரத்துக்கென்று அமைக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் வழியே 25 மீட்டர் அட்டையைப் பார்க்கும்போது, தலையைச் சற்று அசைத்தாலே குறுக்குக் கோடு அட்டையின்மேல் நகர்வதுபோலத் தெரியும். பள்ளியில் இடமாறு தோற்றம் என்று படித்தோமே, அதுதான். சுடுநர்கள் பாரலாக்ஸ் என்பார்கள். இதைச் சரிசெய்யும் திருகு ஸ்கோப்பில் இல்லையென்றால், காட்சியின் ஓரங்களில் கருநிழல் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி கண்ணை நடுவில் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. வெயிலில் சிவப்பு லேசர் 25 மீட்டரிலேயே மங்கிவிடும். 532 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளி, மனிதக் கண் மிக எளிதில் உணரும் 555 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இருப்பதால், அதே சக்தியில் பளிச்சென்று தெரிகிறது. சிவப்புதான் கையிலிருக்கிறது என்றால் மாலை மங்கும் நேரம்வரை காத்திருக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு கிடைப்பது ஜீரோ செய்த ரைபிள் அன்று. முதல் குண்டு அட்டையில் எங்கேனும் படும் என்ற ஓரளவு உறுதிதான் கிடைக்கிறது. லேசரின் பயனும் அதுவே. அதைக் குறைவாக மதிப்பிடவில்லை. போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பகுதியை) கழற்றிக் குழலின் பின்வழியாகவே இலக்கைப் பார்த்து நேர்செய்யும் பழைய முறை போல்ட் ஆக்ஷன் ரைபிள்களுக்குப் போதும். பின்வழியாகப் பார்க்க முடியாத லீவர் வகை, தானியங்கி வகைத் துப்பாக்கிகளில் லேசர் உண்மையிலேயே வரப்பிரசாதம். ஆனால் சுடும்போது குழல் அதிர்வதையோ, ஒரே காலிபரில் இரு வேறு வகைத் தோட்டாக்கள் இரு வேறு இடங்களில் படுவதையோ லேசர் எப்படி அறியும்? எனவே 25 மீட்டரில் ஓரிரு குண்டுகள் சுட்டுப் பார்த்துவிட்டு, 100 மீட்டருக்குப் போய் மூன்று குண்டுகளாகச் சுட்டு, அத்துளைகளின் நடுமையத்தைக் கணக்கிட்டு டரெட்டைத் திருத்த வேண்டும். நடுமையம் 5 செ.மீ. மேலேயும் 3.5 செ.மீ. வலப்புறமும் இருந்தால், கீழே 7 கிளிக், இடப்புறம் 5 கிளிக். ஒவ்வொரு துளைக்கும் ஒருமுறை திருகிக்கொண்டிருந்தால் பொழுதும் தோட்டாவும்தான் தீரும். குழல் ஆறுவதற்கு இடைவெளி விட்டு, மீண்டும் மூன்று சுட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றி. ரைபிளின் குழல்வாயில் லேசர் செருகப்பட்டிருக்கிறது, போல்ட் மூடியிருக்கிறது, தோட்டாக்களை ஊட்டும் மேகசினும் அதன் இடத்திலேயே இருக்கிறது. படத்துக்காக வைத்ததாக இருக்கலாம். ஆனால் குழல்வாயில் அடைப்போடு ஒரு தோட்டா வெடித்தால் குழல் பிளந்து, சுடுபவரையும் பக்கத்தில் நிற்பவரையும் காயப்படுத்தும். முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பர் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை வெளியே எடுத்து வைத்த பின்னரே லேசரைத் தொட வேண்டும். சேம்பர் வகை லேசரானால், பார்ப்பதற்குத் தோட்டா போலவே இருக்கும் அதைத் தோட்டாப் பெட்டிக்குள் போட்டுவைக்கவும் கூடாது. சுடத் தொடங்கும் முன் லேசர் அதன் உறைக்குள் திரும்பிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே, நான் அந்த உறையைத் திறந்தபடி மேசையில் தோட்டாக்களின்மேல் வைத்திருப்பேன். உறை நிறையாமல் தோட்டாவைக் கை எடுக்காது. இக்கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லையென்றாலும், கழற்றிய போல்ட் ரைபிளுக்கு அருகில் கிடப்பது தெளிவாகத் தெரியும் படம் ஒன்றை, அதே அளவில் அதே பக்கத்தில் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
துப்பாக்கி சுடுதல் பயிற்றுநர்